நோட்டீஸில் எண் இருக்கிறது, புத்தகம் எங்கே இருக்கிறது?

உப்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டது, 9 ஜூன் 2024

"இறால் பண்ணை வைத்திருக்கிறேன். குளத்து நீரில் காற்றைக் கலக்கப் பதினாறு ஏரேட்டர் மோட்டார்கள் ஓடுகின்றன. எர்த்திங் (கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பு) ஐ.எஸ். 3043 என்ற இந்தியத் தரத்தின்படி இல்லை, முப்பது நாட்களுக்குள் சரிசெய்க என்று போன வாரம் நோட்டீஸ் வந்தது. அந்த 3043-ஐக் காட்டுங்கள், படித்துவிட்டுச் சரிசெய்கிறேன் என்று கேட்டேன். அது விலை கொடுத்து வாங்க வேண்டிய புத்தகம் என்றார்கள். 2017-இல் வேலை செய்த கான்ட்ராக்டரிடமும் அது இல்லை. என்னைக் கட்டுப்படுத்தும் விதியை நான் காசு கொடுத்துத்தான் படிக்க வேண்டுமா?"

9 ஜூன் 2024, இரவு

ஆம், காசு கொடுத்துத்தான் படிக்க வேண்டும். இந்த நாட்டில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். மண்டபத்திலிருந்து வாலிநோக்கம் வரை முப்பத்தோரு ஆண்டுகளாக வயரிங் வேலை பார்த்து வரும் நான், அந்தப் புத்தகத்தின் அட்டையைக்கூடக் கண்டதில்லை. என்னிடம் இருந்ததெல்லாம் 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகள் அடங்கிய ஒரு மெல்லிய புத்தகம். மதுரையில் ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கியது. அறுபத்தொன்றாம் விதி என்றால் எர்த்திங் என்பது அந்தக் காலத்து வயர்மேன் எவருக்கும் மனப்பாடம். மோட்டாரின் உடலை "இரண்டு தனித்தனியான, வெவ்வேறான இணைப்புகளால்" பூமியோடு சேர்க்க வேண்டும் என்று அது சொல்லும். குழி எவ்வளவு ஆழம், பைப் எவ்வளவு தடிமன், எந்த மண்ணில் புதைப்பது என்று கேட்டால் அது வாய் திறக்காது. அவற்றையெல்லாம் எங்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் சொன்னார். அவருக்கு அவருடைய ஆள் சொல்லியிருப்பார். செவிவழியாக வந்த சட்டத்தைக் கொண்டுதான் இந்தக் கடற்கரையில் பாதி மோட்டார்கள் ஓடுகின்றன.

10 ஜூன் 2024

நேற்று எழுதியது தவறு. கோபத்தில் எழுதியதை அப்படியே விட்டுவைக்கிறேன்; இதையும் சேர்த்துப் படியுங்கள்.

பரமக்குடியில் படிக்கும் என் அக்கா மகன் அதைப் படித்துவிட்டு, "மாமா, இப்ப அது சும்மாதான் கிடைக்குது, நீங்க தேடிப் பார்த்தீங்களா?" என்று கேட்டான். நான் தேடவில்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனம் தானே உருவாக்கிய தரங்களைச் சில ஆண்டுகளாகத் தன் இணையதளத்தில் கட்டணமின்றி இறக்கிக்கொள்ள விட்டிருக்கிறது. பெயரும் கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் கொடுத்துப் பதிவு செய்தால் போதும். பையன் அரை மணி நேரத்தில் எர்த்திங்கிற்கான ஐ.எஸ். 3043, வயரிங்கிற்கான ஐ.எஸ். 732, எஸ்.பி. 30 என்ற எண்ணுள்ள தேசிய மின் விதித்தொகுப்பு ஆகிய மூன்றையும் இறக்கிக் கொடுத்துவிட்டான்.

உங்களுக்குப் பதில் சொன்னவருக்கும் இது தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அவர் பழைய நிலவரத்தைச் சொன்னார் என்றால், அதே பழைய நிலவரத்தை நான் இன்னும் உரத்த குரலில் சொல்லியிருக்கிறேன்.

10 ஜூன் 2024, இரவு

இறக்கிய கோப்பில் பக்கத்துக்குப் பக்கம், இது இன்னாருக்கு, இன்ன மின்னஞ்சலுக்கு, வணிகமற்ற பயன்பாட்டிற்காக மட்டும் இலவசமாக வழங்கப்பட்டது என்று என் பெயர் ஓடுகிறது. எர்த்திங் பகுதியை மட்டும் அச்செடுத்து என்னோடு வேலை பார்க்கும் தம்பியிடம் கொடுத்தேன். நான்கு பக்கம் புரட்டிவிட்டு, "அண்ணே, இதை நீங்களா எழுதுனீங்க?" என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

14 ஜூன் 2024

முழுவதையும் படித்து முடிக்கவில்லை. மண் வகையைச் சொல்லும் பகுதியிலேயே நின்றுவிட்டேன். 3043-இன் பழைய 1987 பதிப்பும் பையனிடம் கிடைத்தது. அது எப்படி இணையத்திற்கு வந்தது என்பது தனிக்கதை, பிறகு எழுதுகிறேன். எர்த் பைப்பை எங்கே புதைக்கலாம் என்பதற்கு அந்தப் பதிப்பு ஒரு வரிசை தருகிறது: முதலில் ஈரமான சதுப்பு நிலம், அடுத்துக் களியும் வண்டலும், பிறகு களியோடு மணல் கலந்த மண், கடைசியில் ஈர மணல். காய்ந்த மணல், சரளை, சுண்ணாம்புப் பாறை போன்றவற்றைத் தவிர்க்கச் சொல்கிறது. பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் நான் தோண்டிய குழிகளில் பாதி, தவிர்க்கச் சொன்ன பட்டியலில்தான் இருக்கின்றன. மேலே இரண்டடி காய்ந்த மணல், அதன் கீழே பவளக்கல் என்று இருக்கும் இடத்தில் நான் வேறு எங்கே போவது என்பது ஒருபுறம் இருக்கட்டும். தவிர்க்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது.

இதைப் படிக்கும்போது ஓர் ஐஸ் கம்பெனி நினைவுக்கு வந்தது. ஊரையும் பெயரையும் சொல்லப்போவதில்லை. 2009-இல் அங்கே எர்த் போட்டவன் நான்தான். கம்ப்ரசர் மோட்டார் ஒவ்வொன்றிலிருந்தும் விதிப்படி இரண்டு ஜி.ஐ. பட்டைகள், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டைகள் இழுத்தேன். இரண்டையும் கட்டடத்திற்குப் பின்னால் ஒரே பைப்பில் போல்ட் போட்டு முடித்தேன். அறுபத்தொன்றாம் விதியை நிறைவேற்றிவிட்ட திருப்தியோடு வீட்டுக்குப் போனேன். ஐந்து ஆண்டுகள் கழித்து, ஐஸ் கட்டி தள்ளும் ஆள் ஒருவர் மோட்டாரின் அடிச்சட்டத்தில் ஈரக் கையை வைத்துத் தூக்கி எறியப்பட்டார். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாரம் வலது கையை மடக்க முடியாமல் இருந்தார்.

போய்ப் பார்த்தேன். தரைக்கு மேலே கிளாம்பும் பட்டையும் கிரீஸ் பூசிப் பளபளவென்று இருந்தன. தரையிலிருந்து ஒரு சாண் கீழே மண்ணை விலக்கியதும் பைப் சிவந்து, பொருபொருவென்று இருந்தது. ஸ்பேனரால் பிடித்து ஒரு திருகு திருகினேன். மேல்துண்டு மட்டும் என் கையோடு வந்துவிட்டது. உப்புநீர்த் தொட்டியிலிருந்து வழிந்த நீர் பல ஆண்டுகளாக அந்தப் பக்கம்தான் ஓடியிருக்கிறது. போதாததற்கு, வழக்கப்படி கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டுக் குழியை நிரப்பியவனும் நான்தான். ஏற்கெனவே உப்பு ஊறிக் கிடந்த மண்ணில், மூட்டை உப்பைத் தோளில் சுமந்து போய்க் கொட்டியிருக்கிறேன்.

பட்டைகள் இரண்டு, பைப் ஒன்று என்றால், ஒரே துரு இரண்டு இணைப்பையும் தின்றுவிடும். விதியின் சொற்களை நான் பட்டைகளுக்குப் பொருத்தினேனே தவிர, பட்டைகள் போய்ச் சேரும் இடத்திற்குப் பொருத்தவில்லை. புத்தகம் கையில் இருந்திருந்தால் செய்திருக்க மாட்டேன் என்று எழுத வந்தேன். அதை இப்போது சந்தேகிக்கிறேன். இருபது ரூபாய்க்கு விதிப் புத்தகம் வாங்கியபோதே, எனக்குத் தேவையான வரியை மட்டும் படித்தவன் நான்.

16 ஜூன் 2024

கரியும் உப்பும் போடுவதே தவறு என்று நான் சொன்னதாக ஒருவர் எடுத்துக்கொண்டார். நான் அப்படிச் சொல்லவில்லை. முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்துக் காய்ந்த நிலத்தில் மண்ணின் மின்தடையைக் குறைக்க அது உதவும். கடலோரத்தில், ஏற்கெனவே உப்பு ஊறிய ஈர மண்ணில், மின்தடை தானாகவே குறைவாக இருக்கும். அங்கே பைப் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதுதான் கேள்வி.

23 ஜூன் 2024

பண்ணைக்காரருக்கு இன்னொரு திருத்தம். அந்தப் புத்தகத்தை நீங்களும் "விதி" என்றீர்கள், நானும் "சட்டம்" என்றேன். கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும்.

2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் கீழ் மத்திய மின்சார ஆணையம் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளை வெளியிடுகிறது. முதலில் 2010-இல் வந்தது. அதன் இடத்தில் 2023-இல் புதியது வந்திருக்கிறது. இரண்டும் அரசிதழில் வந்தவை. எவரும் காசில்லாமல் படிக்கலாம். உங்கள் வேலை 2017-இல் நடந்ததால் 2010-ஐ எடுத்துப் படித்தேன். அமைவனத்தின் நடைமுறைத் தொகுப்புகளையோ தேசிய மின் விதித்தொகுப்பையோ இந்த ஒழுங்குமுறைகளை நிறைவேற்றும் பொருட்டுப் பின்பற்றலாம் என்றும், இரண்டுக்கும் முரண் வந்தால் ஒழுங்குமுறையே மேலோங்கும் என்றும் பன்னிரண்டாம் ஒழுங்குமுறை சொல்கிறது. கவனியுங்கள், "பின்பற்றலாம்" என்றுதான் இருக்கிறது. அதற்கு அடுத்த உட்பிரிவில், பயன்படுத்தும் பொருள்களும் கருவிகளும் உரிய தரக் குறிப்புகளுக்கு இணங்க "வேண்டும்" என்று இருக்கிறது. ஆகவே வயரும் ஸ்விட்சும் கட்டாயத்தின் கீழ் வருகின்றன. குழி தோண்டும் முறை "லாம்" என்பதன் கீழ் வருகிறது.

இதைப் படித்ததும், உங்கள் நோட்டீஸை எதிர்த்து நிற்கலாம் போலிருக்கிறதே என்று ஒரு மாலை முழுவதும் உற்சாகமாக இருந்தேன். பிறகு உற்சாகம் வடிந்துவிட்டது. ஆய்வுக்கு வருபவர் கையில் அளவுகோலாக இருப்பது அந்த "லாம்" புத்தகம்தான். விபத்து நடந்தால், முறையாகச் செய்யப்பட்டதா என்று விசாரிப்பவர் புரட்டுவதும் அதைத்தான். வேறு அளவுகோல் எவரிடமும் இல்லாதபோது, "பின்பற்றலாம்" என்பது நடைமுறையில் "பின்பற்றியிருக்க வேண்டும்" என்று ஆகிவிடுகிறது. ஆகவே அது சட்டமா இல்லையா என்று வாதிடுவதைவிட, அதைக் கொண்டு ஒருவரைக் கேள்வி கேட்பதாக இருந்தால் அது அவருக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்பதே சரியென்று எனக்குப் படுகிறது.

இதற்கு ஒரு பழைய தீர்ப்புத் துணை இருக்கிறது. ஜெய்ப்பூர் சமஸ்தானத்தில் 1923-இல் ஓர் அபினிச் சட்டத்தை அமைச்சரவை தீர்மானமாக நிறைவேற்றி வைத்ததே தவிர, வெளியிடவே இல்லை. அதன் கீழ்த் தண்டிக்கப்பட்ட ஹர்லா என்பவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை வந்தது. மக்கள் அறிந்துகொள்ள வழியே இல்லாத ஒரு சட்டத்தைக் கொண்டு ஒருவரைத் தண்டிப்பது இயற்கை நீதிக்கு முரணானது என்று 1951-இல் நீதிபதி விவியன் போஸ் தீர்ப்பு எழுதி, தண்டனையை நீக்கினார்.

2 ஜூலை 2024

எல்லாத் தரங்களும் இலவசம் என்று நான் எழுதிவிட்டதாக நினைத்துக் கீழக்கரையில் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் தேடிப் பார்த்து ஏமாந்திருக்கிறார். நான் "தானே உருவாக்கிய" என்றுதான் எழுதினேன்; அந்தச் சொல்லில் தொங்கும் கதையைச் சொல்லாமல் விட்டது என் பிழை.

உங்கள் வீட்டு எம்.சி.பி.யை, மின்சாரம் அளவு மீறினால் தானே விழும் அந்த ஸ்விட்சை, பெட்டியிலிருந்து கழற்றாமல் டார்ச் அடித்துப் பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குப் பக்கத்தில் ஐ.எஸ்/ஐ.ஈ.சி. 60898 என்று பொடி எழுத்தில் இருக்கும். நடுவில் உள்ள அந்தச் சாய்கோட்டைக் கவனியுங்கள். ஜெனீவாவில் இருக்கும் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரத்தை இந்தியா அப்படியே ஏற்றுக்கொண்டது என்பதற்கு அது அடையாளம். அப்படி ஏற்றவற்றின் உரிமை அங்கேயும் இருப்பதால் அவை இலவசப் பட்டியலில் சேரவில்லை. வேடிக்கை என்னவென்றால், 2003-ஆம் ஆண்டுத் தரக்கட்டுப்பாட்டு ஆணைப்படி முத்திரை இல்லாத எம்.சி.பி.யை விற்கவே கூடாது. விற்பவரைக் கட்டாயப்படுத்தும் எண் பொருளின் மேலேயே அச்சாகியிருக்கிறது, அந்த எண்ணுக்குரிய புத்தகத்திற்கு மட்டும் விலை இருக்கிறது.

எனக்கு அந்தப் புத்தகம் தேவையா என்றால், உண்மையில் தேவையில்லை. அது எம்.சி.பி. செய்பவருக்கும் சோதிப்பவருக்கும் உரியது. இருந்தாலும் கடைக்காரர் கேட்ட கேள்வியில் நியாயம் இருக்கிறது: "முத்திரை போலியான்னு நான் எதை வச்சுப் பாக்குறது?"

21 ஜூலை 2024

1987 பதிப்பின் கதையைச் சொல்வதாக எழுதியிருந்தேன். அமெரிக்காவைச் சேர்ந்த கார்ல் மலமுட் என்பவர், சட்டமாகப் பயன்படும் எந்த ஆவணமும் பூட்டி வைக்கப்படக் கூடாது என்ற பிடிவாதத்தோடு, இந்தியத் தரங்களை விலை கொடுத்து வாங்கி இணையத்தில் ஏற்றினார். ராஜஸ்தானின் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடனின் "அறியும் உரிமை, வாழும் உரிமை" என்ற முழக்கத்தை அந்தக் கோப்புகளின் முகப்பில் வைத்தார். பிறகு அவரும் இந்தியர்கள் சிலரும் சேர்ந்து தில்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் தொடுத்தார்கள்.

அவருடைய சொந்த நாட்டில் நிலைமை இன்னும் முறுக்கானது. அங்கே தேசிய மின் விதித்தொகுப்பை எழுதுவது அரசு அன்று, தேசிய தீத்தடுப்புச் சங்கம் என்ற தனியார் அமைப்பு. மாநிலங்கள் அதைச் சட்டமாக ஏற்றுக்கொள்கின்றன. திரையில் இலவசமாகப் பார்க்க விடுகிறார்கள். நகலெடுத்துப் பரப்ப விடுவதில்லை. மலமுட் ஏற்றியதால் அந்தச் சங்கமும் வேறு இரண்டு அமைப்புகளும் வழக்குப் போட்டன. சட்டத்தில் சேர்க்கப்பட்ட தரங்களை லாப நோக்கின்றி வெளியிடுவது நியாயமான பயன்பாடு என்று வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய நீதிமன்றமும் இந்த ஆண்டு மார்ச்சில், பொம்மைப் பாதுகாப்புத் தரங்கள் குறித்த வழக்கில், அவை ஒன்றியச் சட்டத்தின் பகுதி என்பதால் அவற்றை வெளியிடுவதில் மேலோங்கிய பொதுநலன் இருக்கிறது என்று சொன்னது.

எதிர்த்தரப்பை எளிதில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. புத்தகம் விற்றுத்தான் அந்தச் சங்கம் அடுத்த பதிப்பை எழுதுகிறது. இலவசமானால் யார் எழுதுவார் என்பது அவர்களுடைய கவலை. தச்சன் கூலி கேட்பது குற்றமாகாது. நம் நாட்டு அமைவனத்துக்கு அந்தக் கவலை அவ்வளவாகப் பொருந்தாது. அதன் வருமானத்தின் பெரும்பகுதி ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கான உரிமக் கட்டணத்திலிருந்து வருகிறது. குழுவில் உட்கார்ந்து எழுதும் பேராசிரியர்களும் பொறியாளர்களும் நூல் விற்பனையை நம்பி வருபவர்கள் அல்லர். அப்படியிருக்க, இத்தனை காலம் ஏன் விலை வைத்தார்கள் என்பதற்கு, வழக்கம் என்பதைத் தவிர எனக்கு வேறு விடை தோன்றவில்லை.

ஓர் எச்சரிக்கை. இணையத்தில் எளிதில் கிடைப்பது பழைய பதிப்பு. 3043-இன் நடப்புப் பதிப்பு 2018-இல் வந்தது. நானே 1987-ஐ வைத்து உங்களுக்கு மண் பாடம் நடத்தினேன். நோட்டீஸுக்குப் பதில் எழுதும்போது 2018-ஐப் பாருங்கள்.

11 ஆகஸ்ட் 2024

கச்சான் காற்று ஒரு மாதமாக மணலை வாரி இறைக்கிறது. வேலை குறைவு. எர்த்திங் பகுதியைத் தமிழில் எழுதி, நம் பக்கத்து வயர்மேன்களுக்குப் படியெடுத்துக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் நாளே தடுக்கி விழுந்தேன். "இரண்டு தனித்தனியான, வெவ்வேறான இணைப்புகள்" என்று முதல் குறிப்பில் நானே எழுதியிருக்கிறேன். அதே சொற்களை வைத்துத்தான் ஐஸ் கம்பெனியில் இரண்டு பட்டையையும் ஒரே பைப்பில் முடித்தேன். தம்பியிடம் படித்துக் காட்டினேன். "ரெண்டு பட்டை இழுக்கணும், அதானே?" என்றான். அடித்துவிட்டு, "ஒன்று அறுந்தாலும் மற்றது தனியே மண்ணைச் சேரும்படி இரண்டு வழிகள்" என்று எழுதினேன். இப்போது அவனுக்குப் புரிந்தது. இது மொழிபெயர்ப்பா, என் கருத்தா என்ற சந்தேகம் மட்டும் எனக்குத் தீரவில்லை.

அடுத்த தடை சட்டத்தில் இருந்தது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, அரசு தமிழாக்கம் வெளியிடாத அல்லது விற்பனையில் வைக்காத ஒரு சட்டத்தையும் அதன் கீழ் வரும் விதிகளையும் எவரும் தமிழாக்கலாம் என்கிறது. இது அரசு ஏற்ற அதிகாரபூர்வமான மொழிபெயர்ப்பு அன்று என்று எடுப்பாக எழுதிவிட வேண்டும், அவ்வளவுதான். ஆகவே மின்சார ஆணையத்தின் ஒழுங்குமுறையை நான் தைரியமாகத் தமிழாக்கலாம் என்றே எடுத்துக்கொள்கிறேன். தரப் புத்தகத்திற்கு அந்தச் சலுகை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அமைவனத்தின் அனுமதியின்றி இந்தியத் தரத்தை வெளியிடவோ படியெடுக்கவோ கூடாது என்று 2016-ஆம் ஆண்டு அமைவனச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு இருக்கிறது. ஜூன் மாதம் தம்பிக்குக் கொடுத்த அந்த அச்சே அதன்படி சரிதானா என்று இப்போது யோசிக்கிறேன்.

இலவசம் என்று நாம் சொல்வது இதுதான்: என் பெயர் போட்டு, எனக்கு மட்டும், ஆங்கிலத்தில். குழி தோண்டுகிறவன் பத்தாம் வகுப்போடு நின்றவன், ஆங்கிலத்தில் அவனுக்குப் பழக்கமானது பல்பின் மேலிருக்கும் வாட் எழுத்து. அனுமதி கேட்டு ஒரு கடிதம் எழுதிப் போட்டிருக்கிறேன்.

13 ஆகஸ்ட் 2024

கடிதத்தைத் தமிழில் எழுதினீர்களா ஆங்கிலத்திலா என்று பண்ணைக்காரர் கேட்கிறார். ஆங்கிலத்தில்தான். அக்கா மகன் எழுதினான்.

29 செப்டம்பர் 2024

உப்பூருக்கு நானே போய்வந்தேன். முப்பது நாள் கெடுவை அவர் எழுதிக் கேட்டு நீட்டி வாங்கியிருந்தார். மழைக்கு முன், மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது அளந்தால்தான் உண்மையான எண் தெரியும் என்பதால் இந்த வாரம் வரை காத்திருந்தோம்.

பழைய பைப் பண்ணைக் கரையின் உச்சியில், கொட்டிய மணலில் நின்றது. மண்ணோடு உள்ள இணைப்பின் மின்தடையை எர்த் டெஸ்டரை வைத்து அளந்தபோது 41 ஓம் காட்டியது; இது குறையக் குறைய நல்லது. கம்பிகளை இடம் மாற்றி நட்டு மறுபடியும் அளந்தேன், 39. ஆறடி தள்ளித்தான் வாய்க்கால் ஓரத்துக் களி, எப்போதும் ஈரமாகக் கிடக்கிறது. சரிவில் இறங்கி வேலை செய்யச் சோம்பல்பட்டு, மேட்டிலேயே அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நானாக இருந்தாலும் 2017-இல் அதையேதான் செய்திருப்பேன். களியில் இரண்டு குழிகள், ஒன்றுக்கொன்று விலக்கி, தனித்தனிப் பைப், தனித்தனிப் பட்டை. கரியும் இல்லை, உப்பும் இல்லை. இரண்டையும் பிரித்து வைத்துத் தனித்தனியே அளந்தேன்: 3.4, 3.9. ஏரேட்டர் பேனலில், மின்கசிவு கண்டதும் தானே விழும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி.யும் மாட்டினோம், மாட்டிய அன்றே இரண்டு முறை விழுந்தது. ஏழாவது மோட்டாரின் கேபிள் இணைப்பில் டேப் மட்டும் சுற்றி நீரில் கிடந்ததைக் கண்டுபிடிக்க மாலை ஆகிவிட்டது.

எர்த் அளந்த பதிவைக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வைத்திருந்து, மின் ஆய்வாளர் கேட்டால் காட்ட வேண்டும் என்பது 2010 ஒழுங்குமுறையிலேயே இருக்கிறது. பண்ணைக்காரரிடம் அப்படி ஒரு பதிவேடு இல்லை. மகளின் பழைய கணக்கு நோட்டில் மிச்சமிருந்த பக்கத்தில் தேதி, மண், கம்பி நட்ட தூரம், ஓம் ஆகியவற்றை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அமைவனத்திலிருந்து என் கடிதத்திற்கு இன்னும் பதில் வரவில்லை.